கண்டிச் சீமையிற் குடியேறிய தமிழ்த் தொழிலாளரும் அவருக்கு வாய்த்த துணையும்

தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களில் வாழ்ந்த மக்களுக்குக் கண்டி என்பது ஒரு நகரத்தின் பெயராக மட்டும் இருந்ததில்லை. மலையும் குளிரும், முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நிறைந்த ஒரு நாடு முழுவதற்கும் அப்பெயரே வழங்கிற்று. கம்பளைக்குப் போனவனும், புசல்லாவைக்குப் போனவனும், மாத்தளைக்குப் போனவனும் ஊராரால் ‘கண்டிக்குப் போனவன்’ என்றே குறிக்கப்பட்டான். கண்டிச் சீமை என்னும் தொடர் இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் ஆகிய பகுதிகளின் நாட்டு வழக்கில் நம்பிக்கையையும் அச்சத்தையும் ஒருங்கே உணர்த்தும் சொல்லாயிற்று. அங்குச் சென்று சேர்ந்தோர் புதிய நாட்டின் வாழ்க்கைக்குத் தம்மை எவ்வாறு இணக்கிக்கொண்டனர், அம்முயற்சியில் அவர்க்குத் தோள்கொடுத்தோர் யாவர், அத்துணைக்கு அவர் கொடுத்த விலை யாது என்பன மலைநாட்டு வரலாற்றிற் போதிய அளவு ஆராயப்படாத வினாக்களாகும்.

கண்டி மாநகருக்குத் தமிழர் புதியவர் அல்லர். 1739ஆம் ஆண்டு தொடக்கம் கண்டிச் சிங்காசனத்தில் வீற்றிருந்தோர் மதுரை நாயக்கர் உறவினராவர். அரண்மனையைச் சார்ந்த தென்னிந்திய உறவினர் வாழ்ந்த வீதி ஆங்கிலேயரால் மலபார் வீதி எனப்பட்டது. 1815ஆம் ஆண்டு மாசித் திங்களிற் சிறைப்பட்ட ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டான். அவனுடைய உறவினரும் மலைநாட்டை விட்டு அகற்றப்பட்டனர். பத்து ஆண்டுகள் கழிவதற்குள், அகற்றிய அதே அரசாங்கத்தின் ஆட்சியில், அதே தென்னிந்தியாவிலிருந்து வேறுவகைத் தமிழர் அழைத்து வரப்பட்டனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. முன்னையோர் அரசுக்கு உறவினராய் வந்தனர். பின்னையோர் கூலிக்கு வந்தனர். ஆங்கில ஏடுகளில் இருவருக்கும் வழங்கிய பெயர் மலபாரிகள் என்பதே.

1820களிற் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொருவையில் தேசாதிபதி சேர் எட்வேட் பார்ண்ஸும் கோப்பித் தோட்டங்களைத் தொடக்கினர். கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருவீதியும் அத்தேசாதிபதியின் காலத்தே அமைந்தது. 1830களின் பிற்பகுதியிலிருந்து கோப்பி பெருகவே, காடழிக்கவும், நாற்று நடவும், பழம் பறிக்கவும் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. கண்டிச் சிங்களக் குடியானவர் சோம்பலினாற் கூலிவேலைக்கு வரவில்லை என்று துரைமார் எழுதிவைத்தனர். அது ஏற்கத்தக்க கூற்றன்று. காடு வெட்டும் வேலையிலும் வண்டியோட்டும் வேலையிலும் அவர் பங்குகொண்டனர். தமக்கென வயலும் தோட்டமும் உடையோர், அவற்றை விட்டுத் துரையின் லயத்தில் வந்து தங்கி நாட்கூலிக்கு உழைக்க மறுத்தனர் என்பதே உண்மை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவருடைய சேனை நிலங்களையும் காட்டையும் முடிக்குரிய நிலமெனக் கொள்ள வழிவகுத்தது. ஆகவே, புதிதாய் வந்த தமிழ்த் தொழிலாளி தான் அறியாமலே ஒரு மனக்கசப்பின் நடுவில் வந்து குடியிருந்தான். நிலத்தைக் கொண்டவன் துரை. ஆயின் அந்நிலத்தில் நாள்தோறும் கிராமத்தார் கண்ணிற் பட்டவன் கூலியாள்.

கோப்பிக் காலத்திற் பெயர்ச்சி பருவத்தோடு ஒட்டி நிகழ்ந்தது. ஆடி, ஆவணித் திங்களில் ஊரை விட்டுப் புறப்பட்டோர் கோப்பிப் பழம் பறித்து முடிந்தபின், மார்கழி, தையில் ஊர் திரும்பினர். பெரும்பாலார் ஆடவர். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய துறைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரையும் நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாய்க் கடந்தனர். குடிநீர் அரிது, நிழல் உண்டாயினும் தங்குமிடம் இல்லை, காய்ச்சலும் வாந்திபேதியும் வழித்துணையாய் வந்தன. கிணறுகளும் தங்குமடங்களும் மருத்துவ நிலையங்களும் பிற்காலத்திலேயே அவ்வழியில் ஏற்பட்டன. 1840களில் வந்தோருள் நான்கிலொரு பங்கினர், அஃதாவது 70,000 பேர், மாண்டனர் என்று கொழும்புப் பத்திரிகையொன்று 1849இல் எழுதிற்று. இக்கணக்கைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் ஐயுறுவர். திரும்பிச் சென்றோர் தொகை ஒழுங்காகப் பதியப்படாமையால், பதிவிற் காணாதோர் அனைவரையும் இறந்தோராகக் கொள்ளுதல் பொருந்தாது என்பது அவர் வாதம். வாதம் நேரியதே. எனினும், எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் போயினர், இடையில் எத்தனை பேர் மறைந்தனர் என்பதை எண்ணிவைக்கும் அக்கறை அரசாங்கத்துக்கு இல்லாதிருந்தமையே அவ்விவாதம் முடிவுறாமைக்குக் காரணம். ஏற்றுமதியான கோப்பியின் நிறை மட்டும் தவறாமற் குறிக்கப்பட்டது.

கடல்கடந்த பிற நாடுகளுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளரோடு இவரை ஒப்பிடுதல் பயனுடையது. 1834 முதல் மொறீசியசுத் தீவுக்கும், பின்னர் மேற்கிந்தியத் தீவுகளுக்கும், பிஜிக்கும் சென்றோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கைந்நாட்டுச் செய்து கப்பலேறினர். அவர் கப்பலிலேயே ஊரையும் குலத்தையும் இழந்தனர். ஒரே கப்பலில் வந்த அயலாரே அவர்க்குப் புதிய உறவினராயினர். கண்டிக்கு வந்தோர் நிலை வேறு. இடையே கிடந்தது ஒரு சிறு கடல். அவர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டு வரவில்லை; ஊரிலே தமக்குத் தெரிந்த ஒருவனுடைய சொல்லை நம்பி வந்தனர். அவனே கங்காணி.

கங்காணியைப் பற்றி எழுதுவோர் அவனை ஒன்றிற் கொடியவனாகவோ, அன்றேற் குலத்தலைவனாகவோ காட்டுவது வழக்கம். அவன் இரண்டுமாக இருந்தான் என்பதை மறந்தால் மலைநாட்டுத் தொழிலாளர் வரலாறு விளங்காது. கங்காணி தன் ஊரிலும் அயலூரிலும், பெரும்பாலும் தன் சாதியாரிடையிலும் உறவினரிடையிலும் ஆள் சேர்த்தான். புறப்படுவோருக்கு முற்பணம் கொடுத்தான். அதனால் ஊர்க்கடன் தீர்ந்தது, வீட்டிலிருப்போருக்குச் சிலநாள் அரிசி கிடைத்தது. வழியில் நோயுற்றவனைத் தூக்கிச் செல்லவும், தோட்டத்திற் சேர்ந்தபின் அரிசி வாங்கித் தரவும், துரையிடம் பேசவும், பிணக்குத் தீர்க்கவும், கலியாணத்துக்கும் சாவுக்கும் முன்னிற்கவும் அவனே இருந்தான். புதிய நாட்டில் மொழி அறியாதவனுக்கு, தன் ஊர்ப் பேச்சைப் பேசும் ஒருவன் தலைமையில், தன் ஊரார் பத்துப்பேர் நடுவில் வாழ்வது எத்துணை ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பிஜியிற் கரும்புக் காட்டிற் கிடந்தவனுக்கு இவ்வாறுதல் வாய்க்கவில்லை.

ஆனால் அந்த ஆறுதல் கணக்கேட்டில் எழுதப்பட்டது. முற்பணம் கடனாயிற்று; வழிச்செலவு கடனாயிற்று; அரிசியும் கம்பளியும் கடனாயின; கலியாணத்துக்குக் கொடுத்ததும் கடனாயிற்று. தோட்டத்துரை பணத்தைக் கங்காணியிடமே கொடுத்தான். கங்காணி தன் கணக்கைக் கழித்து மிஞ்சியதைக் கொடுத்தான். மிஞ்சாத மாதங்களே பல. அதன்மேல், வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என நாள்தோறும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தமையால், காய்ச்சலோடு கிடந்தவனையும் எழுப்பி அனுப்பும் ஆவல் அவனுக்கு உண்டாயிற்று. காலப்போக்கிலே துண்டு என்னும் வழக்கம் வேரூன்றியது. ‘இக்கூட்டத்தின் கடனை யார் செலுத்துகின்றாரோ அவரிடம் இவர்களை விடுவிக்கிறேன்’ என்று ஒரு துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. ஆட்பஞ்சம் நிலவிய காலத்திற் பெரிய கங்காணி அச்சீட்டை எடுத்துக்கொண்டு தோட்டந் தோட்டமாய் விலைபேசினான். கூடுதலாக வாங்கிய பணமும் கூட்டத்தாரின் கடனிலேயே ஏறிற்று. இடம் மாறுந்தோறும் கடன் வளர்ந்தது; கடன் வளர்ந்தமையால் மறுபடி இடம் மாற வேண்டியதாயிற்று. துணையாய் நின்ற கையும் கட்டிவைத்த கையும் ஒன்றேயாதலால், தொழிலாளி அதனை வெறுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் தவித்தான். மலைநாட்டு நாட்டார் பாடல்களிற் கங்காணி ஓரிடத்தில் ஐயா என்றும் மற்றோரிடத்திற் பழிக்கப்பட்டும் வருவதற்குக் காரணம் இதுவே.

தோட்டத்து வாழ்க்கையின் பிற துன்பங்களைச் சுருங்கக் கூறலாம். வெயிற்சீமையிலிருந்து வந்த உடல் மழையையும் பனியையும் அட்டைக்கடியையும் தாங்கப் பழக வேண்டியிருந்தது. குடியிருப்பு லயம் எனப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலமைந்த காம்பராக்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. சமைப்பதும் உறங்குவதும் மகப்பேறும் சாவும் அவ்வறையினுள்ளேயே நிகழ்ந்தன. வயிற்றுளைச்சல், கொக்கிப்புழு நோய், சுரம் ஆகியவை மிகுந்தன. ஊரிற் கம்பும் கேழ்வரகும் உண்டோர் இங்கு இறக்குமதி அரிசியை நம்பி வாழ்ந்தனர். அரிசியின் விலை ஏறினால் வயிறு சுருங்கிற்று. தனித்து வந்த ஆடவருக்குத் தவறணை ஒன்றே மாலைப்பொழுதின் புகலிடமாயிற்று. 1872ஆம் ஆண்டில், வில்லியம் கிறகெரி தேசாதிபதியாயிருந்த காலத்தில், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 14ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. அரை நூற்றாண்டு உழைப்புக்குப் பின்னரே நோயுற்றவனைப் பார்க்க ஒரு வைத்தியர் வேண்டுமென்பது சட்டமாயிற்று என்பதைக் குறிக்காமற் செல்லுதல் இயலாது.

இனி மொழியை நோக்குவோம். ஒரு மக்கட் கூட்டம் புதிய சூழலோடு எவ்வாறு இணங்கியது என்பதற்கு அதன் சொற்களைப் போன்ற சான்று பிறிதில்லை. ஆங்கிலேயன் ‘லைன்’ என்றது லயமாயிற்று. ‘பரேட்’ என்றது பிரட்டு ஆயிற்று. ‘கொண்டக்டர்’ கண்டாக்கையா ஆனார். போர்த்துக்கேய மொழியிலிருந்து காம்பராவும் தவறணையும் வந்தன. இந்துஸ்தானியிற் படைப்பயிற்சியைக் குறித்த கவாயத்து, தேயிலைச் செடியை வெட்டிவிடும் தொழிலுக்குப் பெயராகிக் கவ்வாத்து என வழங்கிற்று. ஆங்கிலமும் சிங்களமும் கலந்த தோட்டப் பெயர்கள் நாவிற் புகாதபோது தொழிலாளர் தாமே தமிழ்ப் பெயர் சூட்டினர். அப்பெயர்கள் நிலைத்துவிட்டமையால் கொழும்பில் அச்சான பெர்கூசன் ஆண்டேடு ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் அவற்றையும் சேர்த்து வெளியிட நேர்ந்தது. ஊரில்லாதவன் ஊர்ப்பெயர் இட்டுக்கொண்டமை சிறு செயலன்று.

துரைமாரும் தமிழ் கற்றனர். அவர்க்கென ஏ. எம். பெர்கூசன் 1878இல் வெளியிட்ட சிறு கைந்நூலின் பெயர் ‘இங்கே வா’ என்பது. சின்னத்துரை கற்கவேண்டிய முதற்றமிழ் எதுவென்பதை அத்தலைப்பே புலப்படுத்தும். மொழி இருபாலாருக்கும் பொதுவாயிற்றெனினும், ஏவுவோன் மொழியும் ஏவப்படுவோன் மொழியும் வேறுவேறாகவே இருந்தன. அதற்கு ஒன்பதாண்டு முன்னரே, 1869இல், ஆபிரகாம் ஜோசப் என்பார் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்ற செய்யுள் நூலை இயற்றியிருந்தார். கும்மி மெட்டிற் கோப்பிப் பயிர்ச் செய்கையை விளக்கும் அந்நூல் தோட்டத் தலைமையின் பக்கம் நின்று பேசுவதேயாம். ஆயினும் மலைநாட்டுத் தொழில் தமிழ்ச் செய்யுளுக்குப் பொருளானமைக்கு அது பழைய சான்று.

அதே 1869ஆம் ஆண்டிற் கோப்பி இலையில் துருநிறப் பூஞ்சண நோய் கண்டது. 1880களிற் கோப்பி அழிந்தது. துரைமார் பலர் பொருளிழந்து நாடு சென்றனர். தொழிலாளர் பட்ட பாட்டைப் பற்றிய குறிப்புக்கள் குறைவு. தமிழகத்திலோ 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தலைவிரித்தாடியமையால், போவதற்கு ஊரும் இல்லை, இருப்பதற்குத் தோட்டமும் இல்லை என்ற நிலை பலர்க்கு உண்டாயிற்று. தேயிலையே மீட்சி தந்தது. கண்டிக்குத் தென்கிழக்கே, தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, இருபதாண்டினுள் மலைகளை மூடிற்று. டெய்லர் 1892இற் காலமாகிக் கண்டி மகியாவை மயானத்தில் அடக்கம் பெற்றார். அவரோடு அந்த 19 ஏக்கரையும் வெட்டித் திருத்தி நட்டோரின் பெயர்களை அறிந்தோர் இலர்.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியமையைப் பொருளியல் மாற்றமாக மட்டும் கொள்வது போதாது. தொழிலாளரின் அகவாழ்வும் அன்றே மாறிற்று. கோப்பி ஆண்டிற் சில திங்களே ஆள்வேண்டும். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் வாரந்தவறாமற் கிள்ளப்படல் வேண்டும். அவ்வேலைக்குப் பெண்களின் கைகள் தேடப்பட்டன. ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர், வந்தோர் தங்கினர். பெண்கள் வந்தபின்னரே லயம் வீடாயிற்று. வாசலிற் கோலமும், அடுப்பங்கரையில் அம்மியும், பக்கத்துக் காம்பராவோடு சம்பந்தமும் உண்டாயின. மருத்துவம் பார்க்கும் கிழவியும், ஒப்பாரி சொல்லும் கிழவியும், பிள்ளைக் காம்பராவிற் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவியும் எழுதப்படாத சமூகநிலையங்களாக விளங்கினர். மாமன், மச்சான், அத்தை, சின்னம்மா என்னும் முறைகள் இரத்த உறவைக் கடந்து லயம் முழுவதும் பரவின. கங்காணியின் கணக்கேட்டில் ஏறாத துணை இதுவே. இத்துணையின் பெரும்பகுதியைத் தாங்கியோர், விடியுமுன் எழுந்து சமைத்து, கூடை சுமந்து மலையேறி, மாலையில் மீண்டும் அடுப்பு மூட்டிய பெண்களே ஆயினர். ஆணினுங் குறைந்த கூலி பெற்றோரும் அவரே.

கோவில்களும் இவ்வாறே எழுந்தன. மன்னார் வழியிற் காட்டைக் கடந்தோர் முதலிற் கண்ட மலைநாட்டு ஊர் மாத்தளையாதலின், அங்கு முத்துமாரியம்மன் வழிபாடு சிறப்புற்றது. மாசிமகத் தேர்விழா இன்றும் பல்லாயிரவரை ஈர்க்கின்றது. வாந்திபேதிக்கும் வைசூரிக்கும் தப்பி வந்தோர் மாரியைத் தொழுததில் வியப்பில்லை. தோட்டந்தோறும் மரத்தடியில் நட்ட கல் காலப்போக்கிற் கோவிலாயிற்று. திருவிழாவுக்குத் துரையும் பணம் கொடுத்தான், லீவும் கொடுத்தான். திருவிழாக் காணாத தோட்டத்தில் ஆள் தங்காது என்பதை அவன் விரைவிற் கண்டுகொண்டான் போலும். மாசியில் நிகழும் காமன் கூத்து இவற்றுள் விரிவாகக் கருதத்தக்கது. மன்மதனும் இரதியும் மணம்புரிதல், சிவனாற் காமன் எரிதல், இரதி புலம்பல், காமன் மீண்டும் உயிர்பெறல் என்னும் கதை, பல இரவுகள் தப்பும் பறையும் முழங்க ஆடப்படும். ஆடுவோர் தொழிலாளர், அரங்கு தோட்டத்து வெளி, காண்போரும் கதையினுட் புகுந்துவிடுவர். பகலிற் பிரட்டுக்கு அழைக்கும் தப்பு இரவில் இரதிக்காக அழுதது. பிரிவும் இறப்பும் மிகுந்த ஒரு வாழ்க்கையில், இறந்தவன் மீளும் கதையை மக்கள் ஏன் ஆண்டுதோறும் தவறாது நடித்தனர் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

சிங்கள அயலாரோடு உறவு எப்போதும் கசப்பாயிருந்தது என்றும் கொள்ளலாகாது. கண்டிப் பெரகராவில் ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களுள் ஒன்று கதிர்காமத் தெய்வமாகிய முருகனுக்கும், ஒன்று பத்தினித் தெய்வமாகிய கண்ணகிக்கும் உரியன. பெரகரா காண நகருக்கு வந்த தோட்டத்து மக்கள், அயல்நாட்டுச் சடங்கொன்றைக் காண்பதாக உணர்ந்திரார். கிராமத்துக் கடையிற் கடனும், சந்தையில் மரக்கறியும், வழியிற் பேச்சும் இருபாலாரையும் இணைத்தன. எனினும் தோட்டத்தின் எல்லையைக் கடந்து பழகத் தொழிலாளிக்கு ஓய்வும் உரிமையும் குறைவு. கண்டி நகரம் அவனுக்குச் சம்பள நாளிற் சேலை வாங்கும் இடமாகவும், கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிடும் இடமாகவும், நீதிமன்றத்தில் நிற்கும் இடமாகவும் அமைந்ததேயன்றி, வாழும் இடமாக அமையவில்லை.

நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்த காரணம் சட்டமே. தோட்டத்துரைமாரின் சங்கம் 1854இற் கண்டியில் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே தமிழ்க் கூலிகளுக்கான கிறித்தவ மிஷனும் மலைநாட்டிற் பணி தொடங்கிப் பள்ளிகள் சில நடத்திற்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வேலையை விட்டு ஓடிய தொழிலாளி குற்றவாளியாகச் சிறையிடப்படலாம்; கூலி கொடாத துரை கடன்காரன் மட்டுமே. முதலாளிமாருக்குச் சங்கம் கண்டதற்கும் தொழிலாளருக்கு நிலையான சங்கம் கண்டதற்கும் இடையே முக்கால் நூற்றாண்டு கழிந்தது. அவ்விடைவெளியை நிரப்பியவை கங்காணியும் கோவிலும் லயத்து உறவுமே. அவை ஆறுதல் அளித்தன, நீதி பெற்றுத் தரும் வலிமை அவற்றுக்கு இல்லை.

20ஆம் நூற்றாண்டிலே நிலை அசையத் தொடங்கிற்று. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தை நிறுவிக் குரலெழுப்பினார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலை விட்டோரைச் சிறையிடும் விதிகளும் அக்காலத்தே நீங்கின. 1920களில் இந்திய அரசாங்கத்தின் ஏசண்டு ஒருவர் கண்டியிலேயே காரியாலயம் அமைத்துத் தோட்டங்களைப் பார்வையிட்டு முறைப்பாடுகளைக் கேட்டார். தொழிலாளி ஒருவன் கங்காணியையும் துரையையும் கடந்து சென்று முறையிட ஒரு கதவு கண்டியில் திறந்தது அதுவே முதன்முறை. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி 1929இல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் குறைந்த நாட்கூலியாக விதிக்கப்பட்டன.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இல் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிற் பாடிய பாட்டுக்கள், மேடைப் பேச்சுச் சென்று சேராத செவிகளையும் எட்டின. கூத்தும் கும்மியும் அறிந்த மக்களிடம் பாட்டின் வழியே உரிமை பேசியது நுண்ணிய உத்தி. 1939இல் ஜவகர்லால் நேரு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றிற்று. அவ்வாண்டு ஆகத்து 1ஆந் தேதி முதல், பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. புதிய வரவு நின்றது. இருந்தோருக்கு இனி இதுவே ஊர். 1940ஆம் ஆண்டு சனவரியிற் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்டபோது, பொலிசாரின் துப்பாக்கிக் குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். கோப்பிக் காலத்தில் வழியில் மாண்டோர் பெயரின்றி மறைந்தனர். கோவிந்தன் பெயரோ அரசாங்க விசாரணைக் குழுவின் ஏட்டில் ஏறிற்று, தோட்டந்தோறும் அறியப்பட்டது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் வெற்றிபெற்றனர். அடுத்த ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. பாட்டன் நட்ட செடியிற் பேரன் கொழுந்து கிள்ளும் காலத்தில், அப்பேரன் அந்நியன் எனப்பட்டான். பிறப்பத்திரமில்லாத லயத்திற் பிறந்தோர், தாம் இந்நாட்டிற் பிறந்ததையும் தந்தை இந்நாட்டிற் பிறந்ததையும் பத்திரத்தால் நிறுவ வேண்டியதாயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாய்ப் பங்கிட்டுக்கொண்டன. அவ்வொப்பந்தத்தைச் செய்தோர் அம்மக்களைக் கேட்டுச் செய்யவில்லை. லயத்தில் வளர்ந்த உறவுமுறை இப்போது குடும்பத்தின் நடுவே பிளந்தது. தமையன் இந்தியக் கடவுச்சீட்டும் தம்பி இலங்கைப் பிரசாவுரிமையும் பெற்ற வீடுகள் உண்டு. தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்து 1984இல் நின்றதோடு அனுப்புதலும் நின்றது. நாடற்றோராய் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே பிரசாவுரிமை அளித்தது.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமிற் சேர்க்கப்பட்டனர். முன்னொரு காலத்தில் இலங்கைக்குப் போகும் தொழிலாளரை நோய்த்தடுப்புக்கெனத் தங்கவைத்துச் சோதித்த அதே முகாம் அது. பலர் நீலகிரிக்குச் சென்றனர். அவர்க்கெனத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடை சுமந்தனர். குளிர் பழகியது, தொழில் பழகியது, மொழியும் தாய்மொழியே. ஆயினும் அவரது பேச்சில் லயமும் பிரட்டும் காம்பராவும் கலந்திருந்தமையால், கேட்டோர் அவரைச் சிலோன்காரர் என்றனர். கடவுச்சீட்டிற் சொந்த ஊர் என எழுதப்பட்டிருந்த கிராமத்தைத் தேடிச் சென்றோரும் இருந்தனர். பாட்டன் புறப்பட்ட அவ்வூரில் நிலமும் இல்லை, வீடும் இல்லை. கண்டிக்குப் போன ஒருவனைப் பற்றிய நினைவு மட்டும் முதியோர் சிலரிடம் இருந்தது.